ஊக்கம் இருக்கட்டும், முதலில் கணக்கைப் பாருங்கள்

அன்புள்ள அம்மா,

பொலிடெக்னிக்கில் கடைசி ஆண்டு படிக்கும் உங்கள் மகன் ஊட்டச்சத்துப் பொடி விற்கும் நேரடி விற்பனையில் இறங்கி, இப்போது வாங்க ஆளில்லாமல் அறைக்குள் முடங்கிக் கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஊக்கம் கொடுப்பதா, தடுப்பதா என்று கேட்கிறீர்கள். பினாங்கின் பட்டர்வொர்த், பிறை பக்கமிருந்து இதே கவலையோடு வரும் பெற்றோர் உண்டு. இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

"எதிர்மறையாகப் பேசுகிறவர்களை விட்டு விலகு" என்று அப்லைன், அதாவது அவரைத் தொழிலில் சேர்த்துவிட்ட மேல்நிலை உறுப்பினர், சொன்னாராம். அதில் பாதி சரி. கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் கேலி செய்யும் மாமாவிடமிருந்து தம்பி தாராளமாக விலகட்டும். ஆனால், "விலை அதிகம், பார்மசியில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறது" என்று சொன்ன பக்கத்து வீட்டு அக்கா எதிரி அல்லர். சந்தை நிலவரத்தைக் காசு வாங்காமல் சொல்லியிருக்கிறார். வாங்குவதாக ஒப்புக்கொண்டுவிட்டுப் பின்வாங்குகிறவர்மீதும் கோபம் வேண்டாம். வீடு தேடிச் சென்று செய்யும் விற்பனை ஒப்பந்தத்தை 10 வேலை நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமையை மலேசியாவின் 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டமே வாடிக்கையாளருக்குத் தந்திருக்கிறது.

மளிகைக் கடையில் கடன் எழுதும் 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஒரு பக்கத்தில் பெட்ரோல், கூட்டக் கட்டணம், நிறுவனத்தில் தம் தகுதி நிலையைத் தக்கவைக்க மாதந்தோறும் தாமே வாங்கிய சரக்கு. மறுபக்கத்தில் கைக்கு வந்த பணம். கட்டிலுக்கடியில் இருக்கும் பெட்டிகளின் காலாவதித் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். பலர் அதைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி: உறுப்பினராகச் சேராமல், பொருள் பிடித்துப்போய் இரண்டாம் முறை வாங்கியவர் எத்தனை பேர்? அந்தப் பட்டியலில் நாலைந்து பெயர் இருந்தால், தோல்விகளைத் தாங்கிக்கொண்டு தொடர்வதில் அர்த்தம் உண்டு. ஒருவருமே இல்லையென்றால் எத்தனை மேடைப் பேச்சு கேட்டாலும் அந்த இடம் நிரம்பாது.

வருமானம் பொருளில் வராமல் ஆள் சேர்ப்பதில்தான் வருகிறது என்றால் கதையே வேறு. அது பிரமிட் திட்டம்; மேற்சொன்ன சட்டம் அதைத் தடை செய்கிறது. நிறுவனத்துக்கு உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் நேரடி விற்பனை உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமம் இருப்பதாலேயே லாபம் வந்துவிடாது என்பதும் தம்பிக்குத் தெரியட்டும்.

கூட்டத்துக்காகத் தொழிற்பயிற்சியைத் தவறவிடுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குள் நுழைய அவருக்கிருக்கும் நேர்வழி அது. அறிமுகமில்லாதவரிடம் பேசிப் பழகிய துணிச்சல் வீண்போகாது. விற்பனைப் பொறியாளர் வேலைக்கான நேர்காணலில் அதை வெட்கப்படாமல் சொல்லலாம்.

கடைசியாக உங்களுக்கு ஒன்று. மகன் முகம் வாடக்கூடாதென்று மாதாமாதம் நீங்களே இரண்டு டின் வாங்குகிறீர்களே, இந்த மாதம் அதை நிறுத்துங்கள். அதுவும் விற்பனையாகவே அவர் கணக்கில் ஏறுகிறது. ஆறு வாரம் போகட்டும். அந்த 555 புத்தகத்தோடு தம்பியை என்னிடம் அனுப்பிவையுங்கள். அப்லைனும் கூட வர விரும்பினால், எனக்குத் தடையில்லை.