உறைய வைத்த இரத்தம் எத்தனை வருடம் தாங்கும்?

கேள்வி: ஆராய்ச்சி ஒன்றுக்காக அம்மாவிடம் இரத்தம் எடுத்தார்கள். உறைய வைத்து, சில வருடங்கள் கழித்தும் சோதிப்பார்களாம். அவ்வளவு காலம் கிடந்த இரத்தத்தில் சரியான முடிவு வருமா? - வாசகி, கொக்குவில்

பதில்: வரும் தங்கச்சி, ஆனால் எல்லாவற்றுக்கும் வராது. கொலஸ்ட்ரோல், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எல்லாம் -80 பாகை செல்சியஸில் வருடக்கணக்கில் பெரிதாக மாறாமல் இருக்கும். விற்றமின் சி அப்படியில்லை, எடுத்த கையோடு அமிலம் சேர்த்துப் பாதுகாக்காவிட்டால் குறைந்துவிடும். எல்டிஎச் என்ற நொதியத்துக்கோ குளிரே ஆகாது, உறைய வைத்தால் அதன் செயற்பாடு குறையும்.

என்னைக் கேட்டால், எத்தனை வருடம் என்பதைவிட முதல் சில மணித்தியாலங்கள்தான் முக்கியம். முழு இரத்தத்தை அப்படியே உறைய வைத்தால் செங்குழியங்கள் வெடித்து உள்ளேயிருக்கும் பொட்டாசியம் வெளியே வந்துவிடும், அதனால்தான் முதலில் இயந்திரத்தில் சுழற்றி, கலங்கள் இல்லாத தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். பிரிக்காமல் மேசையில் வைத்திருந்தால் கலங்கள் குளுக்கோசைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு ஐந்து முதல் ஏழு வீதம் குறையும், எங்கட யாழ்ப்பாண வெயிலில் இன்னும் வேகமாக. அப்படிக் குறைந்ததை எந்தக் குளிரும் திருப்பித் தராது.

அடுத்தது உருகி உறைவது. ஒவ்வொரு தடவையும் சில புரதங்கள் சிதையும். -20 பாகையும் நீண்டகாலத்துக்குப் போதாது, அங்கே சீரம் முற்றாக உறைவதில்லை, நொதியங்கள் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். பனி பிடிக்காத வகை பிறிட்ஜ் இன்னும் மோசம், பனியைக் கரைக்க அது அடிக்கடி தானாகவே சூடாகும். 2022இல் மணிக்கணக்கில் கரண்ட் போனதை நாங்கள் மறக்கவில்லை, ஜெனரேற்றர் இல்லாத இடத்தில் இப்படி மாதிரிகளை வைப்பதே பிழை.

உருகிய குழாயைப் பார்த்தால் மேலே தண்ணீர் மாதிரியும் கீழே அடர்த்தியாகவும் பிரிந்து நிற்கும். மெதுவாகத் தலைகீழாகப் புரட்டிக் கலக்காமல் மேலேயிருந்து எடுத்துச் சோதித்தால் எல்லா அளவும் குறைவாகத்தான் காட்டும்.

ஆகவே ஆராய்ச்சிக் குழுவிடம் தயங்காமல் கேளுங்கள்: எத்தனை மணித்தியாலத்துக்குள் பிரித்தீர்கள், எத்தனை பாகையில் வைக்கிறீர்கள், சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து வைத்தீர்களா என்று. பிரித்து வைத்தால் தேவையானதை மட்டும் உருக்கலாம், மற்றதைத் தொடத் தேவையில்லை. அம்மாவுக்கு நீரிழிவோ வேறு வருத்தமோ இருந்தால் அந்த ஆராய்ச்சி முடிவுக்காகக் காத்திருக்காமல், கிளினிக்கில் புதிதாக இரத்தம் கொடுத்துப் பாருங்கள்.