வாசகர் கேள்வி – பதில்: மலைச்சாலையில் மண்சரிவு

கேள்வி: மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையில் வடகிழக்குப் பருவமழை வந்தாலே மண் சரிந்து போக்குவரத்து நின்றுவிடுகிறது. கருவிகளைப் பொருத்தி இதை முன்கூட்டியே அறிய முடியாதா?
– வாசகர், காரமடை

பதில்: ஓரளவு முடியும். எந்த மலைச்சரிவுகள் ஆபத்தானவை என்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1:50,000 அளவில் வரைபடமாகவே தயாரித்திருக்கிறது. எப்போது சரியும் என்பதுதான் கடினமான கேள்வி.

நீலகிரியின் பாறை நெடுங்காலமாக ஆழம்வரை சிதைந்து, களிமண் மிகுந்த தடித்த மண்ணாக மாறியிருக்கிறது. மழைநீர் இறங்க இறங்க, அந்த மண்ணின் நுண்துளைகளில் நீரழுத்தம் கூடி, துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளர்ந்துவிடுகிறது. எனவே இன்று பெய்யும் மழையோடு, முந்தைய நாட்களில் பெய்து மண்ணில் தேங்கியிருக்கும் மழையையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். 2009 நவம்பரில் கேத்தியில் 24 மணி நேரத்தில் சுமார் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது மாவட்டமெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மழையளவு எந்த வரம்பைத் தாண்டினால் சரிவு ஏற்படக்கூடும் என்று கணித்து எச்சரிக்கும் முறை 2020 முதல் நீலகிரியிலும் டார்ஜிலிங்கிலும் சோதிக்கப்பட்டது. 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையமும் தொடங்கப்பட்டது. ஆனால் இவ்வகை அறிவிப்பு ஒரு வட்டாரத்தைப் பற்றியதே தவிர, எந்தக் கொண்டை ஊசி வளைவில் மண் விழும் என்று சொல்லாது.

குறிப்பிட்ட ஒரு மலைச்சரிவைக் கண்காணிக்க வேண்டுமானால், துளையிட்டு உள்ளிறக்கும் சாய்வுமானிகளும் நீரழுத்தமானிகளும் உண்டு. மூணாறில் அமிர்தா பல்கலைக்கழகம் கம்பியில்லா உணரிகளை நிறுவியிருக்கிறது. மெதுவாக நகரும் பெரிய சரிவுகளுக்கு இவை பொருந்தும். சாலைக்காக வெட்டப்பட்ட செங்குத்தான மண்சுவரோ பெரும்பாலும் நொடிகளில் விழுந்துவிடும். அப்படிப்பட்ட ஒவ்வொரு வெட்டுமுகத்திலும் கருவி வைப்பது நடைமுறையில் இயலாது. என்னைக் கேட்டால், மழையின்போதே சாலையில் நடந்து, சிறுபாலங்கள் அடைபட்டிருக்கின்றனவா, தடுப்புச் சுவரின் துளைகளில் நீர் வடிகிறதா என்று பார்க்கும் சாலைப் பணியாளர்களுக்குச் செலவிடுவதே முதல் வேலை (அதற்குத்தான் எப்போதும் ஆள் பற்றாக்குறை என்பது வேறு கதை). எச்சரிக்கை வந்த பின் சாலையை மூடும் அதிகாரம் யாருக்கு, எந்த மழையளவில் என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

கேள்வி: வண்டி ஓட்டிச் செல்பவர் எவற்றைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, கோத்தகிரி

பதில்: சரிவிலிருந்து சிறு கற்கள் உருண்டு வருவது, தெளிவாக ஓடிய ஊற்றுநீர் திடீரெனச் செம்மண் நிறமாவது, மரங்களும் மின்கம்பங்களும் புதிதாகச் சாய்ந்திருப்பது, சாலையின் பள்ளத்தாக்கு ஓரத்தில் வில் போல வளைந்த விரிசல் தோன்றுவது ஆகியவை முக்கிய அறிகுறிகள். அத்தகைய இடத்தின் கீழே வண்டியை நிறுத்தவே கூடாது. குன்னூர் சாலை மூடப்பட்டால் பலரும் உங்கள் ஊர் வழியாகத் திரும்புகிறார்கள். அங்கும் மண் அதே மண்தான் என்பதால், காவல்துறை அனுமதித்த பிறகே ஏறுவது நல்லது.