பேடன்ட் கிளெய்ம்ல சென்டிமீட்டர் எதுக்கு?

தக்கலைல லேப் வச்சிருக்கிற ஒரு வாசகி கேக்காங்க: ரத்த சாம்பிள் ட்யூபை பைக்ல கொண்டுபோக ஒரு சீல் பை செஞ்சிருக்கேன், உள்ள லீக் ஆனா சீல் மடிப்புக்குள்ள இருக்கிற பட்டை நிறம் மாறிரும், பையைத் திறக்காமலே தெரியும், நாகர்கோவில்ல காலேஜ் கண்காட்சிலயும் வச்சேன், அதுக்குப் பிறகு அப்ளிகேஷன் போட 12 மாசம் டைம் இருக்குன்னு பேடன்ட் ஏஜென்ட் சொன்னாரு, கிளெய்ம் (எதுக்கு உரிமை கேக்கோம்னு சொல்ற வரிகள்) எழுதி அனுப்பியிருக்காரு, கையெழுத்து போடலாமா?

போடாதீங்க. முதல் கிளெய்ம்ல 18 சென்டிமீட்டர் நீளம், 12 அகலம், நீல கலர், ஜிப், உறிஞ்சுற தாள், சீட்டு வைக்க வெளிப்பாக்கெட்னு வரிசையா அடுக்கிட்டு கடைசில போனாப் போகுதுன்னு உங்க பட்டையைச் சொல்லியிருக்காரு. கிளெய்ம்ல எழுதின அம்புட்டும் ஒருத்தன் பையில இருந்தாத்தான் அவன் உங்களை காப்பி அடிச்சான்னு நிக்கும், நாளைக்கு மார்த்தாண்டத்துல ஒருத்தன் பச்சை கலர்ல 14 சென்டிமீட்டருக்கு அடிச்சா என்ன செய்வீங்க? ஜிப்பும் தாளும் பாக்கெட்டும் ஏற்கெனவே மார்க்கெட்ல உள்ளதுதான். புதுசு அந்தப் பட்டையும், லீக் ஆனது மடிப்புக்குள்ள போயி சேருற வழியும். அதை முதல் கிளெய்ம்ல வைங்க, மத்ததை எல்லாம் கீழ சார்பு கிளெய்ம்ல, அதாவது முதல் கிளெய்மைச் சார்ந்து கூடுதல் விவரம் சொல்றதுல, தள்ளுங்க. ஸ்பெசிபிகேஷன்ல (கண்டுபிடிப்பை விளக்கி அப்ளிகேஷனோட கொடுக்கிற எழுத்து) இல்லாததை பிறகு சேக்க முடியாது, அதனால பட்டையை எத்தனை விதமா வைக்கலாமோ அத்தனையும் இப்பவே எழுதிருங்க. ஏழாவது கிளெய்ம், 'சாம்பிளை வச்சு நோயைக் கண்டுபிடிக்கும் முறை', அதை அடிச்சிருங்க, நோயைக் கண்டுபிடிக்கிற முறைக்கு பேடன்ட் சட்டம் பிரிவு 3(i)ல பேடன்ட் கிடையாது, அது நிக்காது.

அடுத்தது நாகர்கோவில்ல காலேஜ் கண்காட்சில வச்ச விஷயம். 12 மாசம் டைம் இருக்குன்னு ஏஜென்ட் சொன்னாராமே, பாதிதான் சொல்லியிருக்காரு. கண்காட்சில காட்டின பிறகும் அப்ளிகேஷன் போடலாம்ங்கிற சலுகை பிரிவு 31ல இருக்கு, ஆனா மத்திய அரசு கெஜட்ல அறிவிச்ச கண்காட்சிக்குத்தான். காலேஜ்ல ரிப்பன் வெட்டி, கலெக்டரே வந்து திறந்து வச்சாலும் கெஜட்ல இல்லைன்னா அது கணக்குல வராது. கெஜட்ல இருந்தாலும் கண்காட்சி தொடங்கின நாள்ல இருந்து 12 மாசத்துக்குள்ள அப்ளிகேஷன் போயிருக்கணும். புரொவிஷனல் (முதல்ல போடுற தற்காலிக விவரம்) போட்டா கம்ப்ளீட் (முழு விவரம்) போட கிடைக்கிற 12 மாசம் வேற, அவரு ரெண்டையும் போட்டுக் குழப்புதாரு. கண்காட்சில மடிப்பைத் திறந்து காட்டி விளக்கம் சொன்னியளான்னு யோசிச்சுப் பாருங்க, சொல்லியிருந்தா அதுவே உங்களுக்கு எதிரா வரும்.

'ஒரே மாசத்துல சர்டிபிகேட்'னு வாட்ஸ்அப்ல வாறவங்ககிட்ட போயிராதீங்க. சில பேரு டிசைன் ரெஜிஸ்ட்ரேஷனை பேடன்ட்னு சொல்லி வித்துட்டு போறாங்க, அது வெளித்தோற்றத்துக்கு மட்டுந்தான், உங்க பட்டை வேலை செய்யுற விதத்தைக் காப்பாத்தாது. தனி ஆளு ஆன்லைன்ல போட அரசு பீஸ் 1,600 ரூபாய், பரிசோதனைக்கு 4,000, மிச்சம் கேக்கிறது எல்லாம் அவரு கூலி, எதுக்குன்னு எழுதி வாங்குங்க. பரிசோதனைக்கு தனியா மனு போடணும், 31 மாசத்துக்குள்ள, போடலைன்னா அப்ளிகேஷன் போச்சு. காசு வாங்கி வச்சிருக்கிற ஆபீஸ் தானா பாத்தா என்ன குறைஞ்சிரும்னு எனக்கு இன்னைக்கும் விளங்கல்ல.

ஏஜென்ட்கிட்ட ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் கேளுங்க, அரசு சைட்ல லிஸ்ட் இருக்கு. கண்காட்சி தேதியும் அங்க எடுத்த போட்டோவும் கொடுத்த பிறகு கிளெய்மைத் திருத்தச் சொல்லுங்க.