ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனால் தலைவலியும் மறதியும் தீரவில்லை: குண்டுவெடிப்பில் சிக்கிய படைவீரருக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பல ஆண்டுகளுக்கு முன் அவர் சென்ற வண்டிக்கு அருகே கண்ணிவெடி வெடித்தது. வெளிக்காயம் எதுவும் இல்லை. சில நிமிடங்கள் நினைவு தப்பியிருந்தாராம். இப்போது தலைவலி, தூக்கமின்மை, மறதி, சட்டென்று வரும் கோபம் எல்லாம் இருக்கின்றன. சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள். இது மூளைக்காயமா, மனநோயா? பிற்காலத்தில் மறதிநோய் (டிமென்ஷியா) வருமா? ஆக்சிஜன் அறை சிகிச்சை எடுக்கலாமா?

பதில்: ஸ்கேன் சரியாக இருப்பதால் மூளைக்கு எதுவும் நேரவில்லை என்று ஆகிவிடாது. நினைவு தப்பியது அரை மணி நேரத்துக்கு மேற்படாமலும், நிகழ்ந்தது நினைவில் பதியாத நேரம் ஒரு நாளைத் தாண்டாமலும், ஸ்கேன் இயல்பாகவும் இருந்தால் அதை லேசான மூளைக்காயம் என்கிறோம். 2000ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் படையினர் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மூளைக்காயம் கண்டறியப்பட்டிருக்கிறது. பெரும்பாலானவை இந்த வகைதான். 2020 ஜனவரியில் அமெரிக்கப் படையினர் இருந்த இராக்கின் அல் அசாத் தளத்தை ஈரானின் ஏவுகணைகள் தாக்கியபோது, வீரர்கள் யாருக்கும் காயமில்லை என்றே முதலில் அறிவித்தார்கள். சில வாரங்களுக்குள் நூறுக்கும் மேற்பட்டோருக்கு லேசான மூளைக்காயம் உறுதியானது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், வெடிப்பில் சிக்கி, சி.டி. ஸ்கேனில் எந்தக் குறையும் தென்படாத 63 அமெரிக்க வீரர்களை நுட்பமான எம்.ஆர்.ஐ. முறையில் பரிசோதித்தபோது, 18 பேரின் நரம்பிழைகளில் எதிர்பார்ப்பதைவிட அதிகமான மாறுதல்கள் காணப்பட்டன. எனவே உங்கள் கணவர் சொல்லும் தொல்லைகள் கற்பனையல்ல.

மூளைக்காயமா, மனநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை. என் பார்வையில், குடும்பத்தினர் அவசியம் அறிந்திருக்க வேண்டிய ஆய்வு 2008இல் அமெரிக்க ராணுவ மனநல மருத்துவர் சார்லஸ் ஹோக் குழுவினர் வெளியிட்டது. இராக்கிலிருந்து திரும்பிய 2,525 அமெரிக்கத் தரைப்படை வீரர்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். அடிபட்டு நினைவு தப்பியவர்களில் 43.9 சதவீதத்தினருக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயின் அறிகுறிகள் இருந்தன. காயமே படாதவர்களில் அது 9.1 சதவீதம் மட்டுமே. அந்த மன அழுத்தத்தையும் மனச்சோர்வையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தபோது, உடல் தொல்லைகளில் தலைவலி ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கு மூளைக்காயத்தோடு நேரடித் தொடர்பு நிற்கவில்லை. ‘அப்படியானால் எல்லாம் மனதில்தான்’ என்று சிலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். அது தவறு, வீரர்களுக்கு இழைக்கும் அநீதியும்கூட. மன அழுத்த நோய்க்கும் தூக்கக் கோளாறுக்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது, அவற்றைக் கவனித்தால் எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைமை தேறும் என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

மறதிநோய் குறித்த அச்சத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க முன்னாள் படைவீரர்களைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வில், லேசான காயம் பட்டவர்களுக்கும் மறதிநோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஆனால் ‘இரண்டு மடங்கு’ என்பதை மட்டும் கேட்டுக் கலங்காதீர்கள். சராசரியாக நான்காண்டுகளில், காயம் பட்டவர்களில் 6.1 சதவீதத்தினருக்கும் படாதவர்களில் 2.6 சதவீதத்தினருக்கும் நோய் வந்தது. காயம் பட்டவர்களில் கடுமையாக அடிபட்டவர்களும் அடக்கம். இன்றைய மறதிக்குத் தூக்கமின்மையும் மனச்சோர்வுமே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்திருப்பதும், வண்டி ஓட்டும்போது தலைக்கவசம் அணிந்து மீண்டும் அடிபடாமல் காப்பதும் உங்கள் கையில் இருப்பவை.

அழுத்தம் கூட்டிய அறையில் ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கும் ஆக்சிஜன் அறை சிகிச்சைக்குப் பணம் செலவிட வேண்டாம். அமெரிக்கப் படையினரிடம் நடந்த சோதனைகளில், உண்மையான சிகிச்சை பெற்றவர்களும் ஒப்பீட்டுக்காக வெறும் பாவனைச் சிகிச்சை பெற்றவர்களும் ஒரே அளவில்தான் தேறினார்கள். மூளைக்காயத்துக்கான புதிய ரத்தப் பரிசோதனையும் அடிபட்ட 24 மணி நேரத்துக்குள் மட்டுமே உதவும். உங்களுக்கு அது தேவையில்லை.

மருத்துவரிடம் போகும் முன், வெடிப்பு நடந்த அன்றைய விவரத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாக நினைவில் இருப்பது எது, அதற்குப் பின் முதலில் நினைவுக்கு வருவது எது, வாந்தி எடுத்தாரா, காது இரைந்ததா என்பவற்றை உடன் இருந்த நண்பரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் பழைய காயத்தை உறுதிசெய்ய ஸ்கேனைவிட இந்த விவரமே துணை நிற்கும். வலி மாத்திரை மாதத்தில் எத்தனை நாள் எடுக்கிறார் என்பதையும் எண்ணுங்கள். பத்துப் பதினைந்து நாட்களைத் தாண்டினால் மாத்திரையே தலைவலியை வளர்த்துவிடும். குறட்டையோடு மூச்சு நின்று வருகிறதா என்பதை இரவில் நீங்கள்தான் கவனிக்க முடியும். மது அருந்துகிறார் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். திட்ட மருத்துவமனை மூலம் நரம்பியல் மருத்துவரையும் மனநல மருத்துவரையும் பார்த்து, காது கேட்கும் திறனையும் தைராய்டு, பி12 அளவுகளையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், நாளுக்கு நாள் கூடும் தலைவலி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்பது போலப் பேசினால் அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற, அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் இரவிலும் பேசலாம், கட்டணம் கிடையாது.