மஞ்சள் பல் எல்லாம் அழுக்குப் பல் இல்லை

இந்த முறை வந்த கடிதங்களில் பல்லின் நிறம் பற்றியவை நிறைய. நான்கை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

டாக்டர், எனக்கு 24 வயது. வரும் தையில் கல்யாணம். நிச்சயதார்த்த போட்டோவில் என் பல் மட்டும் மஞ்சளாகத் தெரிகிறது என்று அத்தை சொன்னதிலிருந்து மனசே சரியில்லை. ஒரு வீடியோவைப் பார்த்து ஆப்ப சோடாவில் எலுமிச்சைச் சாறு பிழிந்து, அந்தத் தோலாலேயே மூன்று வாரமாகப் பல்லைத் தேய்க்கிறேன். முதல் நாலு நாள் வெளுத்த மாதிரி இருந்தது. இப்போது முன்பைவிட மஞ்சள். ஜில்லென்று எது பட்டாலும் உயிர் போகிறது.
பெயர் வேண்டாம், திருப்பாதிரிப்புலியூர்

முதல் வேலையாக அந்த எலுமிச்சையை நிறுத்திவிடுங்கள் அம்மா. இன்றைக்கே.

ஏன் என்று சொல்கிறேன். பல்லின் மேலே இருக்கும் எனாமல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி முழு வெள்ளை கிடையாது, உள்ளே இருப்பதைக் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். அதற்குள் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். மஞ்சள் ரவிக்கைக்கு மேல் வெள்ளைத் தாவணி போட்ட கதைதான், தாவணி எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு மஞ்சள் தெரியும். சிலருக்குப் பிறவியிலேயே எனாமல் மெல்லிசாக இருக்கும், வயதாக ஆக எல்லோருக்குமே தேயும். புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில் எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம், சுமார் 5.5-க்குக் கீழே போனாலே எனாமல் கரையத் தொடங்கும், எலுமிச்சைச் சாறு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கிறது. முதல் நாலு நாள் நீங்கள் பார்த்த வெளுப்பில் பாதி மேல்கறை போனது, மீதி எனாமலின் மேற்பரப்பு அரிக்கப்பட்டுச் சாக்பீஸ் மாதிரி ஆனது. அதன்மேல் தோலை வைத்துத் தேய்த்தால் என்ன மிஞ்சும்? சோடா மாவு தனியாக அவ்வளவு கெடுதல் செய்யாது, புளிப்போடு சேர்த்துத் தேய்த்ததுதான் கெடுத்தது. எனாமலில் உயிரணு கிடையாது, அதனால் தேய்ந்தது திரும்ப வளராது. லேசாக மிருதுவானதை எச்சிலும் ஃபுளோரைடும் ஓரளவு கெட்டிப்படுத்தும், அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு அம்மா வந்தார். முப்பது வருஷமாகக் கரித்தூளும் உப்பும். கோரைப்பல்லில் ஈறை ஒட்டி, அரிவாளால் கொத்தியது போல ஒரு பள்ளம், என் கருவியின் நுனி அதில் போய் நின்றது. பள்ளத்துக்குள் பொட்டு அழுக்கு இல்லை. மெருகு போட்டது போலப் பளபளவென்று, நல்ல மஞ்சளாக இருந்தது டென்டின். அந்த மஞ்சளைப் போக்கத்தான் அவர் இன்னும் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். கரிப் பேஸ்ட் என்று இப்போது கடையில் டியூபில் வருகிறதே, அதிலும் எனக்கு இந்தப் பயம்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது: பொட்டாசியம் நைட்ரேட் கலந்த, கூச்சத்துக்கான பேஸ்ட் வாங்கிக்கொள்ளுங்கள், ஃபுளோரைடும் அதில் இருக்கட்டும். மிருதுவான பிரஷ், காலையிலும் இரவிலும் இரண்டு நிமிடம், ஈறை ஒட்டிச் சாய்த்துப் பிடித்துச் சின்னச் சின்ன வட்டமாக. தேய்த்தபின் துப்பினால் போதும், நாலு டம்ளர் தண்ணீர் வைத்துக் கொப்பளித்தால் ஃபுளோரைடு எல்லாம் போய்விடும். கூச்சம் அடங்க இரண்டு முதல் நாலு வாரம் ஆகலாம். அடங்கவில்லை என்றால் காத்திருக்காமல் காட்டிவிடுங்கள். லெமன் ஜூஸ், நெல்லிக்காய், சோடா எது சாப்பிட்டாலும் உடனே தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் பிரஷ்ஷைத் தொட வேண்டும்.

அப்புறம் ஒரு பல் மருத்துவரிடம் போய்க் கிளீனிங் மட்டும் முதலில் செய்துகொள்ளுங்கள். பல் நிறத்தைப் பார்க்க எங்களிடம் ஒரு பட்டை இருக்கும், பல் வடிவத்திலேயே சின்னச் சின்னத் துண்டுகள், சாதாரணமாக 16 நிறம். டியூப்லைட் வெளிச்சத்தில் இல்லாமல் ஜன்னல் பக்கம் உட்காரவைத்து அதை உங்கள் பல்லோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கையில் கண்ணாடியும் கேளுங்கள். அதில் சுத்தமான பேப்பர் வெள்ளை என்று ஒரு துண்டுகூட இருக்காது. மனிதப் பல்லின் நிறம் அதுதான் என்று அங்கேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் வெளுக்க வேண்டும் என்று தோன்றினால், கூச்சம் முழுக்கப் போனபின், உங்கள் பல்லுக்கு அளவெடுத்த ட்ரேயில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல் வைத்து இரவில் போட்டுக்கொள்வது பழகிய, பாதுகாப்பான வழி. இரண்டு வாரம் போல ஆகும், அந்த நாட்களில் கொஞ்சம் கூசும். கேப் போட்ட பல்லோ ஃபில்லிங்கோ இதில் நிறம் மாறாது, இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். தைக்கு நேரம் இருக்கிறது. மண்டபத்து மஞ்சள் விளக்கில் எடுத்த போட்டோவில் எல்லோர் பல்லும் மஞ்சளாகத்தான் வரும், அத்தையுடைய பல்லையும் அதே போட்டோவில் பாருங்கள். ஆரஞ்சு சாயல் லிப்ஸ்டிக் பல்லை இன்னும் மஞ்சளாகக் காட்டும், கொஞ்சம் நீலம் கலந்த சிவப்பு நல்லது.

என் மகனுக்கு ஏழு வயது. விழுந்து முளைத்த முன்பல் இரண்டும் மஞ்சளாக இருக்கின்றன, பக்கத்தில் பால்பல் பளிச்சென்று இருக்கிறது. ஒழுங்காகத் தேய்க்கவில்லை என்று தினமும் அடி வாங்குகிறான்.
ஒரு தாய், அரியாங்குப்பம்

அடிக்காதீர்கள் அம்மா, பாவம். பால்பல் எப்போதுமே வெள்ளை. நிலையான பல்லில் டென்டின் அதிகம் என்பதால் இரண்டும் பக்கத்தில் நிற்கும்போது புதுப்பல் மஞ்சளாகத்தான் தெரியும். பால்பல் எல்லாம் விழுந்ததும் ஒப்பிட ஆள் இருக்காது, உங்களுக்கும் மறந்துபோகும். ஒரே ஒரு பல் மட்டும் சாம்பலாகவோ தனியாக அடர் மஞ்சளாகவோ மாறினால் எப்போதாவது விழுந்து அடிபட்டிருக்கலாம், காட்டிவிடுங்கள். பேஸ்ட் பட்டாணி அளவு போதும், இரவு நீங்களே தேய்த்துவிடுங்கள், இந்த வயதில் தானாகச் சரியாகத் தேய்க்க அவன் கைக்கு இன்னும் வராது.

என் கணவருக்குச் சொந்த ஊர் தருமபுரி. சிறுவயதிலிருந்தே முன்பல்லில் பழுப்புத் திட்டு. எங்கள் பெண் குழந்தைக்கும் இது வருமா?
லாஸ்பேட்டை, புதுச்சேரி

வராது, இது ரத்த வழியில் வருவது இல்லை. அந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போன தண்ணீரை, நிலையான பல் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் முதல் எட்டு வயதுக்குள் குடித்து வளர்ந்தவர்களுக்குத்தான் இந்தத் திட்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோன கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியதற்கு இதுவே முக்கியக் காரணம். உங்கள் பெண் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறாள் என்பதை மட்டும் பாருங்கள், போர்த் தண்ணீர் என்றால் ஒருமுறை சோதிக்கக் கொடுக்கலாம். இதைக் கேட்டுவிட்டு ஃபுளோரைடு பேஸ்ட்டையே நிறுத்திவிட வேண்டாம், துப்பிவிடும் அந்தக் கொஞ்சம் சொத்தையைத் தடுக்கிறது. கணவருடைய திட்டு தேய்த்துப் போகாது. மேற்பரப்பை மிக மெல்லிசாகச் சீவியோ, பல் நிறப் பூச்சு வைத்தோ மறைக்கலாம்.

வயது 61. நாற்பது வருஷமாக வெற்றிலை பாக்கு, கூடவே புகையிலை. பல்லெல்லாம் சிவந்து கறுத்துவிட்டது. மகள் கூட்டிப்போய்க் கிளீன் செய்தாள். அதற்குப் பிறகு பல்லெல்லாம் ஆடுகிறது, இடுக்கில் காற்று போகிறது. மெஷின் வைத்து ஆட்டிவிட்டார்களோ?
நெல்லிக்குப்பம் வாசகர்

ஐயா, மெஷின் ஆட்டவில்லை. கீழ் முன்பல்லின் பின்பக்கம் காரை சிமெண்ட் மாதிரி படிந்து பல்லையெல்லாம் ஒன்றாகக் கட்டிப்போட்டிருக்கும், அதற்கு அடியில் ஈறும் எலும்பும் வருஷக்கணக்காக இறங்கிக்கொண்டே இருந்திருக்கும். சிமெண்டை எடுத்ததும் உள்ளது தெரிகிறது. இடுக்கில் காற்று போவதும் அதனால்தான். எடுக்காமல் விட்டிருந்தால் பல்லே தானாகக் கையோடு வந்திருக்கும். ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்ய வேண்டியிருக்கலாம், போன மருத்துவரிடமே திரும்பப் போய்க் கேளுங்கள்.

ஆனால் ஐயா, உங்கள் கடிதத்தில் நிறத்தைவிட எனக்கு வேறொன்று கவலையாக இருக்கிறது. புகையிலையை மட்டும் விட்டுவிட்டுப் பாக்கைத் தொடரலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்திப் பல வருஷம் ஆகிறது. கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து, மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி உள்ளே வைத்துப் பாருங்கள். போகவில்லையா, காரம் பட்டால் வாயெல்லாம் எரிகிறதா, கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டோ இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ இருக்கிறதா, இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் போகலாம், புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் அரசுப் பல் மருத்துவ நிறுவனமும் போகலாம். காலையிலேயே போய்ச் சீட்டு எடுத்துவிடுங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.