எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கரண்ட் போனால் ஏன் ஆபத்து? காயப்பட்டவருக்கு என்ன உரிமை?

சீனன்குடா எண்ணெய்க் குதங்களைப் பார்த்து வளர்ந்த திருகோணமலைக்காரர் பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு: கரண்ட் நின்றால் எல்லாமே நின்றுவிடும்தானே?

குதத்தில் எண்ணெய் சும்மா இருக்கும். சப்புகஸ்கந்தை போன்ற சுத்திகரிப்பு ஆலையிலோ அதை 350 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி ஓடவிடுகிறார்கள். மின்சாரம் போனால் பம்பும் குளிர்நீரும் நிற்கும்; சூடு நிற்காது. விறகடுப்பில் தொதல் கிண்டும் கை நின்றால் என்ன ஆகும்? அடி பிடிக்கும், கொதித்துத் தெறிக்கும். அங்கேயும் அதேதான். குழாய்க்குள் எண்ணெய் கருகும், ஆவியின் அழுத்தம் ஏறும். அதை வெளியேற்றி எரிக்கத்தான் அந்த உயரமான தீக்கோபுரம். அப்புறம், திரும்ப இயக்கும் நேரமும் ஆபத்தானது, அவசரப்படுத்தவே கூடாது.

வேலையில் காயப்பட்டால் இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. முதலாளிக்கு உடனே எழுத்தில் அறிவியுங்கள், மருத்துவ அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். நட்டஈடு தராவிட்டால் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் போகலாம்.

‘முதலாளியின் பிழையை நிரூபித்தால்தான் காசு’ என்று பலர் நம்பிச் சும்மா இருந்துவிடுகிறார்கள். இந்தச் சட்டத்தில் அது தேவையில்லை, வேலையினால் வேலை நேரத்தில் நடந்த விபத்து என்று காட்டினால் பொதுவாகப் போதும்.