அணு மாதிரிகளுடன் ஒரு கோலிக்குண்டுச் சோதனை

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், பள்ளி அறிவியல் கண்காட்சிக்குத் தாம்சன், ரூதர்ஃபோர்டு, போர் ஆகியோரின் அணு மாதிரிகளைத் தெர்மாகோலில் செய்கிறாள். தாம்சனின் மாதிரி தவறென்று ஆனபின் அதை வைக்கத்தான் வேண்டுமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: அவசியம் வையுங்கள், அது இல்லாமல் ரூதர்ஃபோர்டு எதைக் கண்டு வியந்தார் என்பது பார்ப்பவர்களுக்கு விளங்காது. 1897-இல் எலக்ட்ரானைக் கண்டறிந்த தாம்சன், நேர்மின்னூட்டம் அணு முழுவதும் பரவியிருக்க, எலக்ட்ரான்கள் அதனுள் பதிந்திருப்பதாக 1904-இல் விளக்கினார். பாடங்களில் தர்பூசணியையும் அதன் விதைகளையும் உவமை சொல்வது இதற்குத்தான். மின்னூட்டம் அவ்வாறு பரவியிருந்தால், வேகமாகப் பாயும், நேர்மின்னூட்டம் கொண்ட ஆல்ஃபா துகள்கள் சற்றே விலகி ஊடுருவிவிட வேண்டும். ஆனால் 1909-இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் இருந்த கெய்கரும் மார்ஸ்டனும் அத்துகள்களை உலோகத் தகடுகளின்மீது செலுத்தியபோது, ஏறத்தாழ 8000-இல் ஒன்று வந்த பக்கமே திரும்பியது. நேர்மின்னூட்டமும் நிறையின் பெரும்பகுதியும் நடுவே கரு என்னும் மிகச் சிறிய இடத்தில் குவிந்திருந்தாலொழிய இது நடவாது என்று 1911-இல் ரூதர்ஃபோர்டு முடிவு செய்தார்.

மாதிரிகளுக்குப் பக்கத்தில் இந்தச் சோதனையையும் வைத்தால் நன்றாக இருக்கும். ஒரு பலகையை நான்கு மூலைகளிலும் செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்து, அதன் அடியில் ஒரு கிலோ எடைக்கல்லை வெளியே தெரியாதபடி மறைத்து, ஒரு பக்கத்திலிருந்து கோலிக்குண்டுகளை ஒவ்வொன்றாக உருட்டச் சொல்லுங்கள். நேரே வருபவை எவை, விலகுபவை எவை, திரும்புபவை எவை என்று குறித்துக்கொண்டே வந்தால், கண்ணால் காணாத கல்லின் இடமும் அளவும் பிடிபட்டுவிடும். வீட்டுப் பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் பயிற்சிக்கு அதைவிட நல்ல தளம் கிடையாது. கற்களின் இணைப்புக் கோடுகளே பாதையைக் குறிக்க உதவும். ஒன்றை மட்டும் உங்கள் மகள் மறவாமல் சொல்ல வேண்டும்: கோலி கல்லில் மோதித் திரும்புகிறது, ஆல்ஃபா துகளோ கருவைத் தொடாமலே மின்விலக்கு விசையால் திரும்புகிறது.

சுற்றிவரும் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து கருவில் விழாதிருப்பது ஏன் என்பதற்கு ரூதர்ஃபோர்டிடம் விடையில்லை. குறிப்பிட்ட சில சுற்றுப்பாதைகளில் மட்டும் எலக்ட்ரான் ஆற்றலை வெளிவிடாமல் சுற்றும் என்று 1913-இல் கொண்டு, ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகளை, அதாவது அதன் ஒளியைப் பிரித்தால் தனித்தனியே தெரியும் நிறக் கோடுகளை, விளக்கியவர் போர்.

தெர்மாகோல் கருவின் அருகே அளவைப் பற்றி ஒரு அட்டை எழுதி வையுங்கள். தங்க அணுவின் கரு ஒரு குன்றிமணி அளவு என்று கொண்டால், முகப்பு முதல் பின்கட்டு வரை நீளும் நம்மூர் வீடும் அந்த அணுவுக்குப் போதாது. அதன் குறுக்களவு நூறு மீட்டரைத் தாண்டிவிடும்.